ஹைபிரிட் காருக்கு எந்த டயர்? காரைக்குடி வெயிலிலும் மழையிலும் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தது

மிஷ்லின் பிரைமசி 4 எஸ்டி நான்கு டயர் போட்டு ஆறு மாதம் ஆகிறது, 9,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அளவு 215/60 ஆர்17. வண்டி ஒன்றரை லிட்டர் ஸ்ட்ராங் ஹைபிரிட் எஸ்யூவி, அதாவது பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வகை. மழையில் நன்றாகப் பிடிக்கிறது, சத்தம் குறைவு, மைலேஜ் ஒரு துளி இறங்கியது, அந்தத் துளி எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். நேரம் இருப்பவர்கள் தொடர்ந்து படியுங்கள், ஏனென்றால் டயரை விட அதைத் தேர்ந்தெடுத்த விதம்தான் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

வீடு காரைக்குடியில். வாரம் ஒருமுறை கானாடுகாத்தான் பெரிய வீட்டுக்கு, மாதம் இரண்டு தடவையாவது திருச்சி விமான நிலையத்துக்கு, அப்பாவின் ஆஸ்பத்திரி வேலையாக மதுரைக்கு. திருச்சியும் மதுரையும் இங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். மெயின் ரோடு நல்ல ரோடு. ஊர்களுக்குள் இறங்கினால்தான் நம் பக்கத்துக் குணம் தெரியும்: சிமெண்ட் தெரு, ஓரத்தில் சரளை, மழை பெய்தால் தார் மேல் வந்து படியும் செம்மண் சேறு, எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல முள்.

வண்டியோடு வந்த டயர்கள் மைலேஜுக்காகவே செய்யப்பட்ட வகை. உருளும்போது இழுவை குறைவாக இருக்கும், அதனால் பெட்ரோல் மிச்சம். ஹைபிரிட் என்றால் எல்லா கம்பெனியும் அப்படித்தான் போட்டு அனுப்புகிறார்கள், மைலேஜைக் காட்டித்தானே வண்டியே விற்கிறது. 44,000 கிலோமீட்டர் வரை எனக்கும் குறை தெரியவில்லை.

போன ஐப்பசியில், தீபாவளி நெருங்கும் நேரத்தில், அத்தையைத் திருச்சியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். பின்னால் அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டு வருகிறார்கள். திருமயம் தாண்டியதும் நல்ல மழை. வேகம் 80 தான். இடது சக்கரம் போகும் தடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது, அதில் ஏறியதும் ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போனது. ஒரு நொடி, ஒன்றரை நொடி இருக்கும். அதே நேரத்தில் முன்னால் போன குட்டியானை பிரேக் போட்டது. நானும் மிதித்தேன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று காலை உதைக்கிறது, வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய் ஓரத்துச் சரளையில் இரண்டு சக்கரம் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா அதற்கப்புறம் வீடு வரும் வரை பேசவே இல்லை.

மறுநாள் காலையில் டயரின் பள்ளத்தை அளந்தேன். முன்னால் 2.4 மில்லிமீட்டர், பின்னால் 3.1. சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம், டயருக்குள் டிடபிள்யூஐ என்று குறி போட்டிருக்கும் இடத்தில் சின்ன மேடு இருக்குமே, அதுதான் அந்த 1.6. மேட்டைத் தொடவில்லை, ஆகவே இன்னும் ஓடும் என்று நான் இருந்தேன். புதிதில் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும் பள்ளம்தான் தண்ணீரை வாரி வெளியே தள்ளுகிறது. அது 3 க்குக் கீழே போனால் காய்ந்த ரோட்டில் வித்தியாசம் தெரியாது, தண்ணீரில் மட்டும் தெரியும். நமக்கு வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் காய்ந்த ரோடுதான். அதனால்தான் டயர் தேய்ந்தது ஐப்பசி வரை யாருக்கும் தெரிவதில்லை.

அன்று இரவே கனடாவில் மான்ட்ரியலில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். அவனும் அதே வாரம் டயர் விஷயமாகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் இருப்பது டொயோட்டா ராவ்4 ஹைபிரிட். "அண்ணே, நீ மழைக்கு டயர் தேடுறே, நான் பனிக்குத் தேடுறேன், ரெண்டு பேருக்கும் கடைக்காரன் சொல்ற வார்த்தை ஒண்ணுதான், ஆல் சீசன்" என்றான். அவன் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே உறவுக்காரர்கள் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு, அவர்களுக்கும் உதவும்.

குளிர்கால டயர் என்பது பூ வேலை மாறின சாதாரண டயர் இல்லை, ரப்பரே வேறு. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கிறது, விறைத்தால் ரோட்டைப் பிடிக்காது. குளிர்கால ரப்பர் மைனஸ் 20 லும் இளக்கமாக இருக்கும்படி கலந்தது. அதன் மேல்பரப்பில் இருக்கும் ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறின மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும், அவைதான் பனியைக் கவ்வுகின்றன. பின்லாந்துக்காரர்கள் 1934 லேயே இப்படி ஒரு டயரைச் செய்துவிட்டார்கள், இன்றைக்கு நோக்கியன் என்று இருக்கிறதே அந்தக் கம்பெனிதான். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது கட்டாயம். டயரின் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் பனித்துகள் என்று ஒரு சின்னம் இருக்க வேண்டும். ஆல் சீசன் டயரில் பெரும்பாலும் இருப்பது எம் கூட்டல் எஸ் என்ற எழுத்துதான், சேறும் பனியும் என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு கியூபெக்கில் அந்த மாதங்களில் ஓட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஆல் வெதர் என்று ஒரு வகை இருக்கிறது, அதில் மலைச் சின்னமும் உண்டு, வருடம் முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம்.

தம்பி அந்த நடு வகையைத்தான் முதலில் எடுக்க நினைத்தான். ஹைபிரிட் ஆயிற்றே, மைலேஜ் போய்விடுமே என்ற கவலை வேறு. குளிர்கால டயரில் இழுவை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே குளிரிலேயே ஹைபிரிட் மைலேஜ் நன்றாக இறங்கிவிடுகிறது, உள்ளே சூடு வேண்டும் என்பதற்காகவே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பேட்டரியும் குளிரில் முழு வேலை செய்யாது. டயர் அதற்கு மேல் தின்பது கொஞ்சம்தான். அவன் வேலைக்குப் போவது விடியற்காலை, ரோட்டில் பனி வழிக்க வண்டி வருவதற்கு முன்னால். நான் சொன்னேன், "நீ போற நேரத்துல ரோடு எப்படி இருக்கோ அதுக்கு வாங்குப்பா, மத்த நேரத்துக்கு வாங்காத." அவன் கடைசியில் தனி ரிம்மோடு குளிர்கால செட் ஒன்று வாங்கிவிட்டான், கோடைக்கு இருக்கிற ஆல் சீசனே. இரண்டு செட் என்றால் இரட்டைச் செலவு போலத் தோன்றும். ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வில் இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய இரு மடங்கு காலம் வரும்.

தம்பிக்குச் சொன்னதை எனக்கும் சொல்லிக்கொண்டேன். எனக்கு மோசமான நாள் எது? மார்கழி விடியற்காலையில்கூட நம் ஊரில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், 7 டிகிரி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நமக்குக் குளிர்கால டயர் கிடையாது, ஆல் சீசன் என்ற பெயருக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய காரணமும் கிடையாது. நமக்கு இருப்பது இரண்டே காலம். ஒன்பது மாதம் சூடு, மூன்று மாதம் தண்ணீர். சூட்டில் எந்த நல்ல டயரும் ஓடிவிடும். ஆகவே தண்ணீருக்குத்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் விசாரித்த ஒரு கடையில் (ஊரும் பெயரும் வேண்டாம்) இறக்குமதியாகி வந்த பழைய டயர் என்று நான்கு காட்டினார்கள். பார்க்கப் புதுசு மாதிரி, பள்ளம் ஆழமாக, விலை பாதிக்கும் கீழே. "ஆல் சீசன் சார், மழைக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல" என்றார். குனிந்து பக்கத்தைப் பார்த்தேன், தம்பி போட்டோ அனுப்பிக் காட்டிய அதே மலைச் சின்னம், கட்டையெல்லாம் கத்திக் கீறல். சுத்தமான குளிர்கால டயர். மைனஸ் 20 க்காக இளக்கமாகக் கலந்த ரப்பரைச் சித்திரை வெயிலில், தொட்டால் சுடுகிற தார் ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகும்? சீக்கிரம் கரையும், பிரேக் பிடிக்கும்போது கட்டைகள் நெளியும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அதைச் சொன்னேன். அவருக்கு அந்தச் சின்னம் என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. தெரியாமல்தான் விற்கிறார், அதனால் நாம்தான் பார்க்க வேண்டும். மலையும் பனித்துகளும் இருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

ஹைபிரிட்டுக்கு என்று தனியாகக் கவனிக்க என்ன இருக்கிறது என்றால், முதலாவது எடை. பேட்டரி, மோட்டார் எல்லாம் சேர்ந்து சாதாரண மாடலை விடக் கனம், ஆகவே பழைய டயரில் இருந்த லோடு எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. என் அளவில் அது 96, ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். இரண்டாவது, கால் வைத்தவுடன் மோட்டார் முழு விசையும் கொடுக்கிறது, வேகம் குறைக்கும்போது மோட்டாரே முன் சக்கரம் வழியாக மின்சாரத்தைத் திருப்பி எடுக்கிறது. இழுப்பதும் நிறுத்துவதும் முன் டயர்தான், அதனால் முன் டயர் முந்தித் தேய்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றுவது இந்த வண்டிகளுக்கு அவசியம். நான் பழைய செட்டில் அதை ஒருமுறைதான் செய்தேன், முன்னால் 2.4 பின்னால் 3.1 என்று வந்தது அதனால்தான். மூன்றாவது சத்தம். இன்ஜின் அணைந்து பேட்டரியில் போகும்போது காதில் விழுவது டயர் மட்டுமே.

மைலேஜும் மழைப்பிடிப்பும் ஒன்றையொன்று தின்னும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு காலத்தில் முழு உண்மை. 1992 ல் மிஷ்லின் கரிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா கலந்து டயர் கொண்டுவந்தபோது அந்தச் சண்டை பாதி தீர்ந்தது, இழுவையும் குறையும், ஈரத்திலும் பிடிக்கும். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, ஒரே கம்பெனியிலேயே மைலேஜ் டயர் தனி, பிடிப்பு டயர் தனி. நம் நாட்டில் 2022 ல் ஏஐஎஸ்-142 என்று விதி வந்திருக்கிறது, உருளும் இழுவை, ஈரப்பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஃபிரிட்ஜில் இருப்பது போலச் சில டயர்களில் நட்சத்திர லேபிள் பார்க்கலாம். அந்த நட்சத்திரம் எரிபொருள் சிக்கனத்துக்கு. ஐந்து நட்சத்திரம் என்றால் மழையில் ஐந்து மடங்கு நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் பட்டியலில் யோகோஹாமா புளூஎர்த் ஜிடி, கான்டினென்டல் யுசி6 எஸ்யூவி, அப்போலோ ஆப்டெரா கிராஸ், இந்த மிஷ்லின் நான்கும் இருந்தன. எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருடமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்கு எம்ஆர்எஃப் தவிர வேறு பேச்சே கிடையாது. 1946 ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி, அம்பாசிடர் காலத்திலிருந்து அவர் கையில் ஏமாற்றாத டயர், அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. கரடுமுரடு ரோட்டில் நாள்பட உழைக்க வேண்டும் என்பவர்களுக்கு அவர் சொல்வது சரிதான். எனக்கு அன்றைய தேவை தண்ணீர், அத்தோடு சத்தம். பிரைமசி 4 ன் விளம்பரமே புதிதில் மட்டுமல்ல தேய்ந்த பிறகும் ஈரத்தில் நிற்கும் என்பதுதான், என் பழைய டயர் கைவிட்ட இடமும் அதுவே. அதனால் இது.

நான்கும் பொருத்தி, பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு எல்லாம் சேர்த்து 53,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 லிருந்து 18 ஆகக் குறைந்ததால் அந்த விலை. மாட்டுவதற்கு முன்னால் தேதியைப் பார்த்தேன். டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள், 2625 என்றால் 2025 ஆம் வருடத்தின் 26 ஆவது வாரம். முதலில் எடுத்து வந்த நான்கில் இரண்டு ஒன்றரை வருடப் பழசு. கேட்டவுடன் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காவிட்டால் மாட்டியிருப்பார்கள்.

இந்தத் தேதி விஷயம் செட்டிநாட்டில் வேறு எந்த ஊரையும் விட முக்கியம். எத்தனை பெரிய வீடுகளில் வெளிநாட்டில் இருப்பவர்களின் கார் உறை போட்டு நிற்கிறது! கல்யாணத்துக்கு வந்தால் ஓட்டுவார்கள், முன்னோர் படைப்புக்கு வந்தால் ஓட்டுவார்கள், மற்றபடி வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணுவார். பள்ளத்தூரில் சித்தப்பா மகன் வண்டி ஆறு வருடத்தில் 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பள்ளம் புதுசு போல ஆழமாக இருக்கிறது. பக்கச்சுவரைக் கையால் அழுத்தினால் நூல் நூலாக வெடிப்பு. ஓடாத டயரும் வயதாகும், ஒரே இடத்தில் நின்றால் அடியில் தட்டையாகும், அந்த டயரோடு விமான நிலையத்திலிருந்து நேராக நெடுஞ்சாலையில் 100 ல் வருகிறார்கள். அப்படி ஒரு வண்டி உங்கள் வளவில் நின்றால் இன்றைக்கே போய்ப் பக்கச்சுவரைப் பாருங்கள்.

சரி, ஓட்டிப் பார்த்ததற்கு வருகிறேன்.

கார்த்திகையில் அதே திருமயம் ரோட்டில், அதே மாதிரி மழையில், ஆறேழு தடவை போய் வந்தேன். தேங்கிய தண்ணீரில் ஏறும்போது சர்ரென்று சத்தம் கேட்கிறது, ஸ்டியரிங்கில் கனம் அப்படியே இருக்கிறது. பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 60 லிருந்து வேண்டுமென்றே அழுத்தி மிதித்துப் பார்த்தேன், ஏபிஎஸ் துடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. செம்மண் சேறு படிந்த திருப்பங்களில் மட்டும் எந்த டயரும் வழுக்கும், இதுவும் கொஞ்சம் நகர்கிறது, அங்கே வேகத்தைக் குறைப்பது தவிர வழியில்லை.

சத்தம் எனக்கு எதிர்பாராத சந்தோஷம். கானாடுகாத்தானில் அரண்மனைத் தெருவில் சாயங்காலம் பேட்டரியில் மெதுவாகப் போனால் வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சு கேட்கிறது. சிமெண்ட் தெருவில் முன்பு வந்த ஊய் என்ற ஓசை பெரும்பாலும் போய்விட்டது. அம்மாவே கவனித்துச் சொன்னார்.

மைலேஜ், டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்தது: பழைய டயரில் லிட்டருக்கு 23.6 கிலோமீட்டர், புது டயரில் முதல் 2,000 கிலோமீட்டர் 21.9, இப்போது 22.8. புது டயர் எதுவானாலும் பள்ளம் ஆழமாக இருப்பதால் இழுவை கூடுதலாகத்தான் இருக்கும். இன்னொன்று, தேய்ந்த டயரின் விட்டம் சிறிது, புதியது ஒரு சென்டிமீட்டர் பெரிது, அதனால் புது டயரில் வண்டி உண்மையில் ஓடியதை விட ஒன்றரை சதவீதம் போலக் குறைவாகவே மீட்டர் காட்டும். அதைச் சேர்த்தால் 23.1. சேர்க்காமல் மோசமான கணக்கே போட்டாலும், இந்த 9,200 கிலோமீட்டருக்குக் கூடுதலாகச் செலவானது 17 லிட்டர் பெட்ரோல், 1,700 ரூபாய் சொச்சம். பின் சீட்டில் அம்மாவையும் அத்தையையும் வைத்துக்கொண்டு சரளையில் வழுக்கியவனுக்கு அது ஒரு செலவே இல்லை.

காற்று பற்றி ஒரு விஷயம், இது எந்த டயர் வாங்கினாலும் பொருந்தும். விமான டயர்களுக்காக 1960 களில் நாசாவில் செய்த ஆய்விலிருந்து ஒரு சூத்திரம் உண்டு, பள்ளம் போன டயர் எந்த வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும் என்று. டயருக்குள் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ (காற்று அடிக்கும் கடையில் சொல்லும் அளவு) இருந்தால் சுமார் 95 கிலோமீட்டர் வேகம், 25 பிஎஸ்ஐ தான் இருந்தால் 83 லேயே. தேங்கிய தண்ணீரில் அன்று என் முன் இடது டயரில் 27 தான் இருந்தது என்று மறுநாள் பார்த்தபோது தெரிந்தது. வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ குறையும், அதனால் வைகாசி மத்தியானத்தில் அடித்த காற்று ஐப்பசி மழையில் அதே அளவு இருக்காது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓட்டிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து காற்றைப் பிடுங்கி விடாதீர்கள்.

பங்குனியில் ஒரு பஞ்சர். பெரிய வீட்டுப் பின்தெருவில் கருவேல முள், கட்டைக்கு நடுவில் இறங்கி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மூன்று நாளில் 33 லிருந்து 26 க்கு மெதுவாக இறங்கியது, திரையில் எச்சரிக்கை வந்ததால்தான் தெரியும். முள்ளுக்கு எந்த டயரும் தப்பாது. வெளியிலிருந்து திரி செருகாமல், டயரைக் கழற்றி உள்பக்கம் மஷ்ரூம் பேட்ச் போடச் சொன்னேன், அதன் பிறகு ஒரு பிஎஸ்ஐ கூட இறங்கவில்லை.

பெரும்பாலும் காரைக்குடி டவுனுக்குள்ளேயே, கல்லூரி ரோடும் செக்காலையும்தான் என்று 40, 50 வேகத்தில் ஓட்டுகிறவர்கள் மைலேஜ் டயரிலேயே இருக்கலாம், 3 மில்லிமீட்டரில் மாற்றிவிட்டால் போதும். இரவில், மழையில், வீட்டு ஆட்களோடு திருச்சிக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் ஈரப்பிடிப்பைப் பார்த்து வாங்குங்கள், மேலே சொன்ன நான்கில் உங்கள் ஊர்க் கடையில் புதுத் தேதியில் எது கிடைக்கிறதோ அது.

இன்று காலை அளந்ததில் முன்னால் 6.3, பின்னால் 6.9. அடுத்த வாரம் முன்பின் மாற்றுகிறேன், பேட்ச் போட்ட டயர் பின்னால் போகும். ஆனியில் அப்பாவின் வயது நிறைவுச் சாந்திக்குத் தம்பி வருகிறான், பத்து நாள் வண்டி அவன் கையில்தான் இருக்கும். ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி அளந்து இங்கேயே எழுதுகிறேன்.